லொத்தர், ரேஸ், கட்டை: காசு வைப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

சம்பள நாளன்று ஹட்டன் டவுனில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். லொத்தர் விற்பவரின் பலகைக்கு முன்னால் ஒரு கூட்டம் நிற்கும். குதிரைப் பந்தயம் பிடிக்கும் கடையான ரேஸ் புக்கிக்குள் இன்னொரு கூட்டம். தேயிலைத் தோட்டத்தில் திருவிழா என்றால் ஆறு முகச் சூதாட்டக் கட்டை உருட்டும் இடத்தில் பெரிய கூட்டமே நிற்கும். இப்போது இவை எல்லாம் போனுக்குள்ளும் வந்துவிட்டன.

நான் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு பிழைகூட விடாத பையன் ஒருவன், வேலைக்குப் போன முதல் வருடத்திலேயே புக்கியில் காசை விட்டு, கடன்பட்டு, ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். பாடப்புத்தகத்தில் பைக்குள் சிவப்புப் பந்தும் நீலப் பந்தும் இருக்கும். புக்கியில் ஓடுவது குதிரை. இரண்டுக்கும் ஒரே கணக்குத்தான் என்பதை நான் அவனுக்குக் காட்டித்தரவில்லை. முதல் சம்பளம் வாங்கப் போகும் பிள்ளைகளுக்காவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

தொடங்குமுன் ஒரு சொல். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழிப்பார்கள் அல்லவா? ஒரு நிறுவையில் பார்த்தால் இரண்டு மூன்று கிலோதான். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் சம்பளம், அதில் போனது என்று நம் அம்மாக்களுக்குத் தெரியும். பந்தயத்திலும் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு காசிலும் அப்படி ஒரு கழிவு உண்டு. அதைத் தராசில் காட்டமாட்டார்கள். நாமே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் படி: எத்தனை வழி என்று எண்ணுங்கள்

நாணயத்தைச் சுண்டினால் தலை, பூ என்று இரண்டு வழி. கட்டையை உருட்டினால் ஆறு வழி. இரண்டு கட்டையைச் சேர்த்து உருட்டினால் பலர் பன்னிரண்டு என்பார்கள். அது பிழை. முதல் கட்டையின் ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டாவது கட்டையில் ஆறு முகம் இருக்கிறது. ஆகவே ஆறை ஆறால் பெருக்கி 36 வழி. அதில் கூட்டுத்தொகை ஏழு வர ஆறு வழி இருக்கிறது, பன்னிரண்டு வர ஒரே ஒரு வழிதான். உங்களுக்குப் பிடித்த வழிகளை எண்ணி மொத்த வழிகளால் வகுத்தால் வருவதுதான் வாய்ப்பு.

பல தடவை விளையாடும்போது இன்னொரு உபாயம் வேண்டும். 1654இல் பிரான்சில் ஷெவாலியே தெ மெரே என்ற கனவான் சூதாட்டம் பற்றிய சில கேள்விகளைக் கணித மேதை பஸ்காலிடம் கொண்டுபோனார். பஸ்காலும் ஃபெர்மா என்ற இன்னொரு கணித மேதையும் அவற்றைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவு என்ற பாடமே வளர்ந்தது. அந்தக் காலத்துக் கேள்வி ஒன்று இது: ஒரு கட்டையை நாலு தடவை உருட்டினால் ஒரு தடவையாவது ஆறு விழுமா? விழாமல் போவதை எண்ணுவது சுலபம். ஒரு தடவை ஆறு விழாமல் போக ஆறில் ஐந்து வழி. நாலு தடவையும் விழாமல் போக அந்த ஆறில் ஐந்தை நாலு தடவை பெருக்க வேண்டும். 1,296இல் 625 வரும். மிச்சம் 671தான் விழும் வழி, அதாவது 51.8 வீதம். இரண்டு கட்டையை 24 தடவை உருட்டி ஒரு தடவையாவது இரட்டை ஆறு விழும் வாய்ப்பை இதே மாதிரிப் போட்டால் 49.1 வீதம்தான். மனக்கணக்கில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் ஒன்று பாதிக்கு மேல், மற்றது பாதிக்குக் கீழ். பந்தயக்காரர் பிழைப்பது இந்தச் சின்ன இடைவெளியில்தான்.

இரண்டாம் படி: லொத்தர் சீட்டை எடுத்து எண்ணுங்கள்

என் சித்தப்பா தினமும் ஒரு சீட்டு எடுப்பார். “எடுத்தாத்தானேடா விழும்” என்பார். அவர் சொல்வது உண்மைதான். எடுக்காதவருக்கு விழவே விழாது. எடுத்தவருக்கு எவ்வளவு விழும் என்பதை மட்டும் பார்ப்போம்.

ஒரு ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் வரிசையாகப் பொருந்த வேண்டிய சீட்டு என்று வைத்துக்கொள்வோம். எழுத்துக்கு 26 வழி. ஒவ்வொரு இலக்கத்துக்கும் பத்து வழி, ஆறு இலக்கத்துக்குப் பத்து இலட்சம். பெருக்கினால் 2 கோடி 60 இலட்சம்.

இவ்வளவு பெரிய எண் மனதில் நிற்காது. அதனால் பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வேன். கொழும்பு கோட்டையில் பதுளை ரயில் ஏறுங்கள். தண்டவாளத்தில் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறது. கண்டிப் பக்கம் கழிந்து, நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, அப்புறம் பட்டிப்பொல உச்சியும் தாண்டி, அப்புத்தளையும் கடந்து ஏறக்குறைய பண்டாரவளை வரும்போது 260 கிலோமீற்றர் ஆகியிருக்கும். 2 கோடி 60 இலட்சம் கோடுகளும் அங்கேதான் முடியும். அதில் ஒரே ஒரு கோடு பரிசுக் கோடு. பெட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, உங்களுக்குத் தோன்றும் ஒரு நொடியில் ஜன்னல் வழியாக ஒரு கல்லைப் போட வேண்டும். அது அந்தக் கோட்டில் விழ வேண்டும். முதற்பரிசு என்பது இதுதான்.

இனி அதன் விலையைப் பார்ப்போம். சீட்டு 2023 ஜூலையிலிருந்து 40 ரூபா. முதற்பரிசு 2 கோடி ரூபா என்று வையுங்கள். 2 கோடியை 2 கோடி 60 இலட்சத்தால் வகுத்தால் 77 சதம். உங்கள் 40 ரூபாவில் முதற்பரிசுக்கான நம்பிக்கையின் பெறுமதி அவ்வளவுதான். கடைசி இலக்கம் பொருந்தினால் 40 ரூபா திரும்ப வரும் என்றால், அதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு, பெறுமதி 4 ரூபா. சீட்டின் பின்பக்கம் உள்ள ஒவ்வொரு பரிசையும் இப்படி வாய்ப்பால் பெருக்கிக் கூட்டுங்கள். 40 ரூபாவுக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கழிவு. அதிலிருந்துதான் விற்பவரின் கமிஷன், அச்சுச் செலவு, அரசாங்கத்துக்குப் போகும் பங்கு எல்லாம். தேசிய லொத்தர் சபை 1963இல் இருந்து நடக்கிறது. அந்தக் கழிவு இல்லாமல் அது நடக்க முடியாது.

பத்தில் ஒன்று என்றால் பத்துச் சீட்டு எடுத்தால் நிச்சயம் ஒன்று விழும் என்று நினைக்காதீர்கள். மேலே சொன்ன உபாயத்தைப் போடுங்கள். ஒரு சீட்டு விழாமல் போக பத்தில் ஒன்பது. பத்துச் சீட்டும் விழாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 35 வீதம். மூன்று பேர் ஆளுக்குப் பத்துச் சீட்டு எடுத்தால் ஒருவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது சாதாரண விஷயம்.

கனவில் வந்த எண், பிள்ளை பிறந்த திகதி, விபத்தில் மாட்டிய வாகனத்தின் இலக்கம், எல்லாவற்றுக்கும் அதே வாய்ப்புத்தான். லக்கினக் குறி போட்ட சீட்டும் இருக்கிறது. பன்னிரண்டு லக்கினத்தில் ஒன்று வரும், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு. உங்கள் ஜாதகத்தில் எந்த லக்கினம் என்பது சீட்டிழுக்கும் இயந்திரத்துக்குத் தெரியாது.

மூன்றாம் படி: கட்டை விளையாட்டில் ஆறு பேராக மாறிப் பாருங்கள்

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். முதல் சம்பளம் வாங்கிய மாதம் பக்கத்துத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. ஜெனரேட்டர் வெளிச்சத்தில், ஆறு படம் வரைந்த துணியை விரித்து, மூன்று கட்டையை டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். கட்டையின் ஆறு முகத்திலும் அதே ஆறு படம். நீங்கள் ஒரு படத்தில் 100 ரூபா வைத்தால், அந்தப் படம் ஒரு கட்டையில் வந்தால் 100, இரண்டில் வந்தால் 200, மூன்றிலும் வந்தால் 300 கிடைக்கும். வைத்த காசும் திரும்ப வரும். உங்கள் படம் எதிலும் வராவிட்டால் 100 போய்விடும்.

எனக்கு அது நியாயமாகத் தெரிந்தது. ஆறு படம், மூன்று கட்டை, ஆகவே பாதிக்குப் பாதி. இரட்டை விழுந்தால் மேலதிக இலாபம் என்று நினைத்தேன். இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்குக் கொடுக்க வைத்திருந்த காசில் பாதி இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் பிரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போய்விட்டார். பொது இடத்தில் இப்படிக் காசு வைத்து விளையாடுவது அப்போதிருந்த 1889ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

பல வருடம் கழித்துத்தான் அதன் கணக்கைச் சரியாகப் பார்த்தேன். ஒரு ஆளாக நின்று பார்த்தால் புரியாது. ஆறு படத்திலும் ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபா வைத்ததாக நினையுங்கள். துணியில் 600 ரூபா.

மூன்று கட்டையிலும் வெவ்வேறு படம் விழுந்தால் மூன்று பேர் தோற்கிறார்கள், மூன்று பேர் ஜெயிக்கிறார்கள். தோற்றவரிடம் எடுத்த 300 ஜெயித்தவருக்குப் போகிறது. கடைக்காரருக்கு ஒன்றுமில்லை. இரட்டை விழுந்தால் நாலு பேர் தோற்கிறார்கள், 400 வருகிறது. இரட்டைக்காரருக்கு 200, மற்றவருக்கு 100 கொடுத்த பிறகு கடைக்காரர் கையில் 100 நிற்கிறது. மூன்றும் ஒரே படம் என்றால் ஐந்து பேரிடமிருந்து 500 எடுத்து 300 கொடுக்கிறார், 200 நிற்கிறது.

மூன்று கட்டை 216 விதமாக விழலாம். அதில் எல்லாம் வெவ்வேறாக 120, இரட்டையாக 90, மூன்றும் ஒன்றாக 6. ஆகவே 216 குலுக்கலில் கடைக்காரருக்கு 90 நூறும் 6 இருநூறும், மொத்தம் 10,200 ரூபா. துணியில் வந்து போன காசு 1,29,600. வகுத்தால் நூற்றுக்கு 7 ரூபா 87 சதம். கட்டையில் எந்தக் கள்ளமும் இல்லாவிட்டாலும் அவ்வளவு கழிகிறது.

இரட்டை விழும்போதுதான் கூட்டம் ஆரவாரம் செய்யும். கடைக்காரர் சம்பாதிப்பதும் அதே நேரத்தில்தான். அந்தச் சத்தத்துக்குள் நானும் நின்றேன். என் படம் மூன்று கட்டையில் ஒன்றிலாவது வரும் வாய்ப்பு 216இல் 91, அதாவது 42.1 வீதம். பாதி இல்லவே இல்லை.

இப்போது அந்த 7.87 வீதத்துக்கு ஒரு திருத்தம். அது ஒரு தடவை வைப்பதற்கான கழிவு. 1,000 ரூபாவோடு போய், ஜெயித்ததையும் திருப்பித் திருப்பி வைத்து, ஒரு இரவில் 100 ரூபாவாக 80 தடவை வைத்தால் நீங்கள் வைத்தது 8,000. அதில் 7.87 வீதம் ஏறக்குறைய 630 ரூபா. கொண்டுபோன ஆயிரத்தில் பாதிக்கு மேல். கையில் கொண்டுபோன காசைப் பார்க்காமல், மொத்தம் எத்தனை தடவை வைத்தீர்கள் என்று பார்க்க வேண்டும்.

நாலாம் படி: புக்கிப் பலகையை வாய்ப்பாக மாற்றுங்கள்

குதிரை என்றால் நமக்கு ஏப்ரலில் நுவரெலியா ஞாபகம் வரும். அந்தத் திடலில் 1875இல் இருந்து ஓட்டம் நடக்கிறது. ஆனால் டவுன் புக்கிகளில் மாலையில் காட்டுவது பெரும்பாலும் இங்கிலாந்துக் குதிரைகள். அங்கே பகல், இங்கே இருட்டும் நேரம். அவர்களுடைய பின்ன முறையில்தான் விலை போட்டிருக்கும்.

5/2 என்றால், 2 ரூபா வைத்தால் 5 ரூபா இலாபம், வைத்த 2 ரூபாவும் திரும்ப. இதை வாய்ப்பாக்க, கீழ் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஏழில் இரண்டு, 28.6 வீதம். அந்தக் குதிரை நூறு ஓட்டத்தில் 29 தடவை முந்தினால்தான் உங்களுக்கு நட்டமில்லை என்று அர்த்தம்.

ஒரு ஓட்டத்தில் நாலு குதிரை, விலை 6/4, 2/1, 4/1, 5/1 என்று வையுங்கள். வாய்ப்பாக மாற்றினால் 40, 33.3, 20, 16.7. கூட்டுங்கள்: 110. ஏதோ ஒரு குதிரை முந்தத்தான் போகிறது, மொத்த வாய்ப்பு 100க்கு மேல் இருக்க வழியில்லை. மேலதிகமான 10தான் புக்கியின் கழிவு. நம்பிக்கை வராவிட்டால் இப்படிச் சரிபாருங்கள். நாலு குதிரையிலும் முறையே 400, 333, 200, 167 ரூபா வைத்தால் மொத்தம் 1,100. எந்தக் குதிரை வந்தாலும் கைக்கு வருவது ஏறக்குறைய 1,000. எல்லாக் குதிரையையும் வாங்கியவருக்கே 100 ரூபா நட்டம்.

“எனக்குக் குதிரை பற்றித் தெரியும்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்திருக்கலாம். கட்டையைப் போல அல்லாமல் குதிரைக்கும் கிரிக்கெட்டுக்கும் அறிவு கொஞ்சம் உதவும். ஆனால் அந்த அறிவு புக்கிக்காரரின் அறிவைவிட ஒரு படி மேலே இருந்தால் மட்டும் போதாது, இந்தப் பத்து வீதத்தையும் சேர்த்துத் தாண்ட வேண்டும். ஹட்டனில் உட்கார்ந்து, இங்கிலாந்தில் நேற்று எவ்வளவு மழை பெய்தது என்றுகூடத் தெரியாமல், அதைத் தாண்டிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: போன் விலைகள்

போனில் தசமத்தில் போட்டிருக்கும். 1.90 என்றால் 100 வைத்து ஜெயித்தால் மொத்தம் 190 கைக்கு வரும். ஒன்றை 1.90ஆல் வகுத்தால் 52.6 வீதம். இரண்டு அணிக்கும் 1.90 என்றால் கூட்டுத்தொகை ஏறக்குறைய 105. கழிவு புக்கியைவிடக் குறைவாகத் தெரிகிறது. அதனால்தான் பல ஆட்டங்களைக் கோத்து ஒரே பந்தயமாக வைக்கச் சொல்வார்கள். ஐந்து ஆட்டத்தைக் கோத்தால் 100 ரூபா 2,476 ஆகும் என்று திரையில் காட்டும். ஐந்தும் சரியாக வரும் வாய்ப்பு, ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி என்றால், 32இல் ஒன்று. 2,476ஐ 32ஆல் வகுத்தால் 77 ரூபா 38 சதம். கழிவு 5இல் இருந்து 22க்கு மேல் ஏறிவிட்டது. கோக்கக் கோக்கக் கழிவும் பெருகும்.

ஆறாம் படி: “இனி வந்தே ஆகவேண்டும்” என்று தோன்றும்போது நிறுத்துங்கள்

மலைநாட்டில் நாம் வானத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். இரண்டு நாள் மூட்டமாக இருந்தால் நாளைக்கும் மழை என்று தெரியும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஏனென்றால் இன்றைய மேகத்துக்கும் நாளைய மேகத்துக்கும் தொடர்பு இருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கட்டையிடம் கொண்டுபோகிறோம். கட்டையின் ஒரு உருட்டலுக்கும் அடுத்த உருட்டலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

1913 ஆகஸ்ட் 18ஆம் திகதி மொன்ரே கார்லோ கசினோவில் ரூலட் சக்கரத்தில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை வந்தது. பத்து, பதினைந்து தடவை ஆனதும் இனிச் சிவப்புத்தான் என்று ஆட்கள் காசைக் கொட்டினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிவப்புக்கு இருந்தது 37இல் 18 வாய்ப்புத்தான், முதல் சுற்றில் இருந்த அதே வாய்ப்பு. அன்று பலர் பெருந்தொகையை இழந்தார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி, தோற்றால் இரட்டிப்பாக வைப்பது. 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் 12,700 ரூபா போயிருக்கும். எட்டாவதற்கு 12,800 வேண்டும், ஜெயித்தாலும் மொத்த இலாபம் 100 ரூபாதான். ரூலட்டில் ஏழு தடவை தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு ஏறக்குறைய 106இல் ஒன்று. அரிதாகத் தெரியும். ஆனால் நூறு இரவு விளையாடுகிறவருக்கு அது எப்போதாவது வரும். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவானபோதும், 12,700 என்பது ஒன்பது பேருக்கு மேல். மலையேறி ஒன்பது நாள் பறித்த கொழுந்து.

ஏழாம் படி: கொப்பி போடுங்கள்

கணக்கப்பிள்ளை எழுதுவதை அப்படியே நம்பாமல், தங்கள் கிலோவைத் தனியாக எழுதிவைக்கும் பெண்கள் எங்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். நீங்களும் ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். வைத்த காசு ஒரு பக்கம், வந்த காசு ஒரு பக்கம். நினைவை நம்ப வேண்டாம். ஜெயித்தது மட்டும்தான் நினைவில் நிற்கும். மாத ஆரம்பத்திலேயே, போனாலும் பரவாயில்லை என்ற ஒரு தொகையை எழுதி அதற்குக் கீழே கோடு போடுங்கள். தொகை முடிந்தால் அந்த மாதம் முடிந்தது. எட்வான்ஸ் காசையும், நகை அடகு வைத்த காசையும், மாதச் சேமிப்புச் சீட்டுக் கட்ட வைத்திருப்பதையும் ஒருபோதும் இதில் சேர்க்காதீர்கள். வாங்காத லொத்தருக்குப் பரிசு விழுந்ததாகவும், அதை அனுப்ப முதலில் கட்டணம் கட்ட வேண்டும் என்றும் போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள்; அது களவு.

கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறீர்கள், வீட்டில் மறைக்கிறீர்கள், விட்டதைப் பிடிக்க மறுபடி கடன் வாங்குகிறீர்கள் என்றால் கணக்கு மட்டும் உதவாது. வீட்டில் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். என்னிடம் வந்து நின்ற அந்தப் பையன், கடன் தொகையை அப்பாவிடம் சொன்ன அன்று இரவுதான் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கியதாகச் சொன்னான்.

சித்தப்பாவும் கொப்பி போட்டார், நான் கேட்டதற்காக. மூன்று மாதம் 88 சீட்டு, 3,520 ரூபா. வந்தது 640. கொப்பியை நீட்டிவிட்டு நெடுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கிழமைக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை மட்டும் எடுக்கிறார். மற்ற நாட்களின் காசை சித்தி ஒரு நெஸ்டமோல்ட் டின்னில் போட்டுவைக்கிறார். பேத்திக்குத் தையில் பள்ளிச் சப்பாத்து வாங்க வேண்டுமாம்.